ஆடி முடிச்சுட்டு கோச் ஆகலாம்னு இருக்கீங்களா? நம்ம கொங்குப் பக்கத்து ஃபுட்பால் பசங்களுக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணா, முட்டி போயிருச்சுங்ணா, இனி ஆடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்ணா, அதான் கோச்சிங் பக்கம் வந்தர்லாம்னு இருக்கேன்"னு மாசத்துக்கு ரெண்டு பேராவது கிரவுண்டுக்கு வந்து நிக்கறாங்க. அவங்களப் பாக்கறப்ப எனக்கு 27 வயசுல நான் நின்னதுதான் ஞாபகம் வரும். நான் லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்துல நின்னு தடுத்து ஆடறவன். காலேஜ் டீம், மாவட்ட லீக், பாலக்காடு பக்கம் செவன்ஸ்க்கு (டீமுக்கு ஏழு பேரு ஆடற ஆட்டம்) கூப்ட்டா அங்கயும்னு ஓடிட்டு இருந்தவன், ஒரு நா மழை பேஞ்ச கிரவுண்டுல ஊனுன காலு ஊனுன எடத்துலயே நிக்க ஒடம்பு மட்டும் திரும்புச்சு, முட்டிக்குள்ள இருக்கற ஏசிஎல் ஜவ்வு அறுந்துருச்சு. ஆபரேஷன், எட்டு மாசம் பிசியோ, திரும்பி வந்து ஆடிப் பாத்தேன், டேக்கிளுக்குப் போறப்ப அந்தப் பழைய தைரியம் வரல. சரி, கோச் ஆயிக்கலாம்னு போனேன். சொல்லிக் குடுக்கறது தனித் தொழில், அதை மொதல்ல இருந்து கத்துக்கோணும்னு அப்ப எங்கிட்ட யாரும் சொல்லல. நானே கண்டுபுடிக்க மூணு வருசம் ஆச்சு. அந்த மூணு வருசம் எங்கிட்ட வந்த கொழந்தைகளுக்கு நான் சரியா சொல்லித் தரலைங்கற வெசனம் இன்னும் இருக்கு. உங்களுக்கும் உங்ககிட்ட வரப்போற பசங்களுக்கும் அந்த மூணு வருசம் மிச்சமாகட்டும்னுதான் இதை எழுதறேன்.

இது மாவட்ட லீக் ஆடறவங்க, காலேஜ் டீம்ல இருக்கறவங்க, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை வாங்கி ஆடிட்டு இருக்கறவங்களுக்கு. நாட்டோட பெரிய லீக்கான ஐஎஸ்எல்ல ஆடினவங்களுக்கு கெடைக்கற கதவு வேற, நமக்கு கெடைக்கறது வேற. ஆனா ஏறவேண்டிய படி ரெண்டு பேருக்கும் ஒன்னுதான்.

மொதல் படி: ஆடிட்டு இருக்கறப்பவே ஆரம்பிச்சுருங்க

காலு போனதுக்கு அப்பறம் கோச் ஆகலாம்னு இருக்காதீங்க. 24, 25 வயசுலயே, வாரத்துல ரெண்டு நாளு, நீங்க படிச்ச ஸ்கூல் பி.டி. சாருகிட்ட போயி "சார், சின்னப் பசங்க பேட்ச்சுக்கு நான் வந்து கூடமாட நிக்கட்டுங்களா"ன்னு கேளுங்க. முக்காவாசி சாருங்க சந்தோஷமா ஒத்துக்குவாங்க, ஏன்னா அறுபது பசங்கள ஒத்த ஆளா மேய்க்கறது அவங்களுக்குத்தான் தெரியும். காசு கேக்காதீங்க, அந்த ஆறு மாசம் உங்களுக்குத்தான் படிப்பு.

பெரிய ஆளுங்களே இப்பிடித்தான் வந்திருக்காங்க. ஜிடேன் 2006 உலகக் கோப்பையோட ஆட்டத்த விட்டாரு, ரியல் மாட்ரிட் மெயின் டீமுக்கு கோச் ஆனது 2016 ஜனவரில. நடுவுல அன்செலோட்டி கிட்ட அசிஸ்டன்ட்டா இருந்தாரு, அப்பறம் ரிசர்வ் டீமான காஸ்டியாவுக்கு கோச்சா இருந்தாரு. ஜிடேனுக்கே அந்தக் காத்திருப்பு தேவப்பட்டுச்சுங்க. அலெக்ஸ் ஃபெர்குசன் 1974ல, 32 வயசுல, ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயர்னு ஸ்காட்லாந்துல ஒரு சின்ன டீமுலதான் ஆரம்பிச்சாரு. நம்ம நாட்டுல காலித் ஜமீல எடுத்துக்கோங்க, காயத்தால நெம்ப அடிபட்ட ஆட்டக்காரர், மும்பை எஃப்சில ஆடி முடிச்சு அங்கயே கோச் ஆனவர், 2016-17ல ஐசால் மாதிரி ஒரு சின்ன ஊரு டீம வெச்சு ஐ-லீக்னு நாடு பூரா நடந்த லீக்க ஜெயிச்சாரு, 2025ல இந்தியா டீமுக்கே கோச் ஆயிட்டாரு. நம்ம சென்னைக்காரர் சையது சபீர் பாஷா இந்தியன் பேங்க் டீமுக்கு ஆடி, அதே டீமுக்கு கோச்சிங் பண்ணி, சென்னையின் எஃப்சில அசிஸ்டன்ட்டா இருந்து, பின்னாடி ஏஐஎஃப்எஃப்ல, அதாவது இந்திய ஃபுட்பால் சங்கத்துல, டெக்னிக்கல் டைரக்டர் வரைக்கும் போனாரு. இவங்கள்ல ஒருத்தர் கூட நேரா மாடி ஏறல.

இந்தக் காலத்துல இன்னொரு பழக்கமும் வேணும், மேட்ச் பாக்கற விதத்த மாத்தோணும். எனக்கு இது எப்ப உறைச்சுச்சுன்னா 2019 மார்ச் 9, நம்ம கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல சென்னை சிட்டிக்கும் மினர்வா பஞ்சாப்புக்கும் ஐ-லீக் கடைசி மேட்ச். ஜெயிச்சா கப்பு, வழுக்குனா ஈஸ்ட் பெங்காலுக்குப் போயிரும். ஆரம்பிச்ச மூணாவது நிமிசமே மினர்வா கோல் போட்டாங்க, ஹாஃப் டைம்ல 0-1, கேலரியே கம்முனு ஆயிருச்சு. நான் எப்பவும் பந்தையேதான் பாத்துட்டு இருப்பேன், அன்னிக்கு மொத தடவையா பெஞ்சப் பாத்தேன், சென்னை சிட்டி கோச் அக்பர் நவாஸ் எப்ப எந்திரிக்கறாரு, யாரக் கூப்புடறாரு, பந்து இல்லாத பக்கம் ஓரத்துல தடுக்கற ஃபுல்பேக்கு எங்க நிக்கறான், இதத்தான் ரெண்டாவது பாதி பூரா பாத்தேன். பெட்ரோ மான்சி பெனால்டி, அப்பறம் கவுரவ் போரா ரெண்டு கோல், 3-1. சென்னை சிட்டி 43 பாயிண்ட், ஈஸ்ட் பெங்கால் 42. அல்லாரும் குதிச்சுட்டு இருந்தாங்க, நானும் குதிச்சேன், ஆனா ஊட்டுக்கு வந்து ஒரு நோட்டு எடுத்து என்னென்ன மாறுச்சுன்னு எழுதிப் பாத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கு. நீங்களும் ஒரு நோட்டு போடுங்க. ஒரு மேட்ச்சுக்கு ஒரு பக்கம் போதும், கோல் போட்டது யாருன்னு எழுத வேண்டாம், கோலுக்கு முன்னாடி பத்து செகண்ட்ல என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க.

(அந்த சென்னை சிட்டி டீமு இப்ப ஐ-லீக்லயே இல்லைங்கறது தனி வருத்தம். ஒரு கிளப்ப மட்டும் நம்பி பொழப்ப அமைச்சுக்கக் கூடாதுன்னு அதுல இருந்து நான் எடுத்துக்கிட்டேன்.)

ரெண்டாவது படி: ஆடத் தெரிஞ்சதை ஒடச்சுப் பாக்கப் பழகுங்க

இதுதான் இருக்கறதுலயே கஷ்டம், அதனால இங்க கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

நல்லா ஆடினவனுக்கு ஆட்டம் ஒடம்புல இருக்கும், வாயில இருக்காது. நான் ஆரம்பத்துல திருப்பூர்ல ஒரு ஸ்கூல் கிரவுண்டுல பத்து வயசுக்குக் கீழ பசங்களுக்கு சொல்லிக் குடுத்தேன், அதுல ஒரு பையன், அவங்கப்பா பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர், பையனுக்கு பந்து கால்ல பட்டா மூணு அடி தள்ளிப் போயிரும். நான் "பந்த நிறுத்து, நிறுத்து"ன்னு கத்துனேன். அவன் கால கெட்டியா வெச்சு நிறுத்தப் பாத்தான், பந்து இன்னும் தூரமாத் தெறிச்சுச்சு. நான் இன்னும் சத்தமாக் கத்துனேன். ரெண்டு வாரம் வந்தான், அப்பறம் வரல. எனக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சுது, நான் "நிறுத்து"ன்னு சொன்னதுதான் தப்பு, கால விறைப்பா வெச்சா பந்து தெறிக்கத்தான் செய்யும், பந்து வந்து படறப்ப காலு கொஞ்சம் பின்னால போகோணும், முட்டைய கையில புடிக்கறாப்டி. அதை நான் சின்ன வயசுல இருந்து செஞ்சுட்டுத்தான் இருக்கேன், ஆனா செய்யறேன்னு எனக்கே தெரியாது. இப்ப நான் "முட்டை புடிக்கற மாதிரி"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவேன், முக்காவாசிப் பசங்க ஒரு வாரத்துல புடிச்சுக்கறாங்க. அந்தப் பையன் இப்ப எங்கயாவது ஆடறானான்னு தெரியல.

அதனால உங்களுக்கு வர்ற ஒவ்வொரு வித்தையவும் எடுத்து, தாளுல எழுதி ஒடச்சுப் பாருங்க. லெஃப்ட் பேக்கு பந்து வாங்கறதுன்னா: பந்து வர்றக்கு முன்னாடியே தோளுக்குப் பின்னால ஒருக்கா பாத்துக்கோணும், ஒடம்பு பாதி மைதானத்தப் பாத்து தொறந்து இருக்கோணும், பந்த தூரத்துக் காலுல வாங்கோணும், மொதல் டச்சு எடம் இருக்கற பக்கம் போகோணும். நாலு விசயம். ஒரு நாளைக்கு ஒன்னுதான். நாலையும் ஒரே நாள்ல சொன்னீங்கன்னா பையன் எதையும் எடுத்துக்க மாட்டான், "சரிங்ணா சரிங்ணா"ன்னு தலைய மட்டும் ஆட்டுவான்.

அப்பறம் இந்த வரிசை. நம்ம ஊர்ல எந்த கிரவுண்டுக்குப் போனாலும் பாக்கலாம், பன்னெண்டு பசங்க ஒரு கோனுக்குப் பின்னால வரிசையா நிப்பாங்க, ஒருத்தன் போயிட்டு வருவான், மத்தவங்க நாயம் பேசிட்டு நிப்பாங்க. நான் ஒரு நா ஒக்காந்து எண்ணுனேன், பத்து நிமிசத்துல ஒரு பையன் ஏழு தடவதான் பந்தத் தொட்டான். அதே பத்து நிமிசம் நாலுக்கு நாலுன்னு சின்ன கட்டத்துல ஆட விட்டா எண்ணி முடிக்க முடியல. அதனால என்னோட ஒரு மணி நேரம் இப்ப இப்பிடித்தான் போகும்: மொதப் பத்து நிமிசம் ஆளுக்கொரு பந்தோட புடிச்சு வெளையாட்டு, அடுத்த பதினஞ்சு நிமிசம் அன்னிக்கு எடுத்துக்கிட்ட ஒத்த விசயம், அப்பறம் அதே விசயம் எதிராளியோட, ஒன்னுக்கு ஒன்னு இல்லாட்டி ரெண்டுக்கு ஒன்னு, மிச்ச நேரம் பூரா மேட்ச். மேட்ச் நடக்கறப்ப ரெண்டு தடவைக்கு மேல விசில் அடிச்சு நிறுத்தாதீங்க. நிறுத்துனா எல்லாரையும் இருந்த எடத்துலயே நிக்க வெச்சு, "நீ எங்க நிக்கற, வேற எங்க நிக்கலாம்"னு கேளுங்க, அவன் வாயில இருந்து பதில் வரட்டும், அப்பறம் அதே எடத்துல இருந்து மறுபடியும் ஆட விடுங்க.

பந்தோட சைஸு முக்கியம்ங்க. ஆறு ஏழு வயசுக் கொழந்தைக்கு 3ம் நம்பர், எட்டுல இருந்து பன்னெண்டு வரைக்கும் 4, அதுக்கு மேலதான் 5. பெரியவங்க பந்து 410ல இருந்து 450 கிராம், அத ஏழு வயசுக் கொழந்தை காலுக்கு குடுத்தா அவன் பெருவிரல்ல ஒதைக்கப் பழகிருவான், பின்னாடி மாத்தறதுக்குள்ள நமக்குத்தான் சிரமம். தலையால பந்த முட்டற ஹெட்டிங்க சின்னக் கொழந்தைகளுக்கு சொல்லியே குடுக்காதீங்க, அமெரிக்காவுல பத்து வயசுக்கும் அதுக்குக் கீழயும் ஹெட்டிங்கே கூடாதுன்னு 2015லயே முடிவு பண்ணிட்டாங்க.

பதினாலு வயசுக்கு மேல பசங்க இருந்தா வாரத்துக்கு ரெண்டு தடவையாவது ஃபிஃபா 11+ வார்ம்-அப் பண்ண வைங்க. இருவது நிமிசம், ஓட்டம், பேலன்ஸ், தொடை பலம், குதிச்சு எறங்கறதுன்னு வரும், ஒரு சாமானும் வேண்டாம். எங்க காலத்துல ரெண்டு ரவுண்டு ஓடிட்டு காலத் தூக்கி நாலு ஆட்டு ஆட்டிட்டு மேட்ச்சுக்கு எறங்கிருவோம். நான் அதை ஒழுங்கா பண்ணியிருந்தா என் முட்டி தப்பிச்சிருக்குமோன்னு இப்பவும் நெனைப்பேன்.

மூணாவது படி: லைசென்ஸ்

ஏணி இதுதான்: ஈ, டி, சி, பி, ஏ, கடைசில ப்ரோ. கீழ இருக்கறது ஏஐஎஃப்எஃப் நடத்தறது, மேல போகப் போக ஏஎஃப்சி, அதாவது ஆசியக் கூட்டமைப்போட லைசென்ஸு. ஐஎஸ்எல்ல தலைமைக் கோச்சா உக்காரணும்னா ப்ரோ லைசென்ஸோ அதுக்குச் சமமானதோ கேப்பாங்க. நீங்க இப்போதைக்கு அவ்வளவு தூரம் பாக்க வேண்டாம், டி வரைக்கும் பாருங்க போதும்.

டி கோர்சுக்கு 18 வயசு முடிஞ்சிருக்கோணும். ஏறக்குறைய ஒரு வாரம், காலைல இருந்து பொழுதோட வரைக்கும் வகுப்பும் கிரவுண்டும் மாறி மாறி இருக்கும். ஏஐஎஃப்எஃப் சைட்டுல அறிவிப்பு வரும், மாநில சங்கம் மூலமா நடத்துவாங்க. சீட்டு கம்மி, வந்த அன்னிக்கே போட்டுருங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா நெரம்பிரும். லீவுக்கும் முன்னாடியே சொல்லி வெச்சுக்கோங்க.

கோர்சுல நெறையப் பேரு சறுக்கற எடம் எதுன்னா, நல்லா ஆடிக் காட்டிட்டா பாஸ்னு நெனைக்கறது. அங்க யாரும் உங்க ஆட்டத்தப் பாக்கறதில்லை. ஒரு தலைப்பு குடுப்பாங்க, உதாரணத்துக்கு பின்னால இருந்து பந்த எடுத்து வர்றது, கூட வந்த மத்த கோச்சுங்களே உங்களுக்கு பிளேயரா ஆடுவாங்க, நீங்க செஷன் நடத்தோணும். எடத்த அளந்து கோன் வெச்சிருக்கீங்களா, சரியான நேரத்துல நிறுத்துனீங்களா, சொன்னது தலைப்ப ஒட்டி இருந்துச்சா, சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சா, இதத்தான் பாப்பாங்க. சட்டப் புத்தகத்தையும் ஒருக்கா முழுசாப் படிச்சுட்டுப் போங்க. இருவது வருசம் ஆடினவங்களே ஆஃப்சைடு எந்த எடத்துல கெடையாதுன்னு கேட்டா த்ரோ-இன் மட்டும் சொல்லி நிறுத்திருவாங்க, கோல் கிக்கும் கார்னரும் விட்டுப் போகும்.

இன்னொன்னு, பாஷை. வகுப்பு பெரும்பாலும் இங்கிலீஷ்ல போகும். நம்ம பசங்க இதுக்குத்தான் பயந்து ஒதுங்கறாங்க. பயப்பட ஒன்னுமில்ல, ஆட்டத்தோட வார்த்தைக முந்நூறு தெரிஞ்சாப் போதும், நீங்க ஏற்கனவே பாதிய சொல்லிட்டுத்தான் இருக்கீங்க. போறதுக்கு முன்னாடி பத்து செஷன் பிளான எழுதி, ஊட்டுல யாரையாவது உக்கார வெச்சு சத்தமா சொல்லிப் பாருங்க. நான் எங்கம்மாவ உக்கார வெச்சு சொன்னேன், அவிய பருப்பு பொடச்சுட்டே கேட்டுட்டு "நீ சொன்னதே சொல்லிட்டு இருக்க கண்ணு"ன்னாங்க, அது சரிதான்.

டி முடிச்ச ஒடனே சி போக முடியாது, நடுவுல இடைவெளி இருக்கு, அந்தக் காலத்துல நெசமாவே ஒரு டீமுக்கு கோச்சிங் பண்ணியிருக்கோணும். மேல இருக்கற லைசென்ஸுகள காலாகாலத்துல புதுப்பிக்கவும் வேணும், அதுக்கு பயிற்சி வகுப்புல கலந்துக்கிட்ட கணக்கு கேப்பாங்க. சர்டிபிகேட், பிளான் எழுதின தாளு, மேட்ச் ரிப்போர்ட்டு எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வெச்சுக்கோங்க.

லைசென்ஸ் இருந்தா மட்டும் கவர்ன்மென்ட் வேலை கெடைக்குமான்னு கேப்பீங்க. அது வேற ரோடு. ஸ்கூல்ல பி.டி. சார் ஆகோணும்னா பி.பி.எட் மாதிரி உடற்கல்விப் படிப்பு வேணும், நம்ம பெரியநாயக்கன்பாளையத்துல ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா மாருதி உடற்கல்விக் கல்லூரி இருக்கு, சென்னைக்கிட்ட மேலக்கோட்டையூர்ல தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கு. அரசாங்கத்துல கோச் வேலைக்கு என்ஐஎஸ் (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமோ கேப்பாங்க, அது ஒரு வருசம், முழு நேரம். 22 வயசுல இருக்கற தம்பிங்க என்னக் கேட்டா பி.பி.எட்டும் டி லைசென்ஸும் ரெண்டும் கையில வெச்சுக்கோங்கன்னுதான் சொல்லுவேன். முப்பத தாண்டி, கல்யாணம் ஆகி, கொழந்தை இருக்கறவங்க லைசென்ஸ் ரோட்டுலயே போங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பேங்க், ரயில்வே, போலீஸ்னு வேலைல இருக்கறவங்க தயவுசெஞ்சு அத விட்டுப்போட்டு வராதீங்க, சாயந்திரமும் ஞாயித்துக்கிழமையும் போதும் கோச்சிங்குக்கு.

நாலாவது படி: சொந்தமா ஒரு பேட்ச்

டர்ஃப் வாடகைக்கு எடுத்து அகாடமின்னு போர்டு வெக்கறது இப்ப கோயமுத்தூர்ல தெருவுக்குத் தெரு நடக்குது. நான் சொல்றது, மொதல்ல ஸ்கூல் கிரவுண்டுல ஆரம்பிங்க. மண்ணு கிரவுண்டா இருந்தாலும் பரவால்ல, வாடகை கம்மி, பசங்க அங்கயே இருப்பாங்க. ஸ்கூலோட பேசறப்ப எல்லாத்தையும் தாளுல எழுதி வாங்குங்க: வாரத்துக்கு எத்தன நாளு, பந்து யாரு வாங்கறது, போட்டிக்குப் போனா வண்டிச் செலவு யாரு, ஏப்ரல் மே லீவுல சம்பளம் உண்டா இல்லையா. நான் ஒரு எடத்துல வாய்ப் பேச்சுல நம்பி ஒரு வருசம் ஓடுனேன், லீவு ரெண்டு மாசத்துக்கு ஒன்னும் வரல, கேக்கப் போனா "அப்பிடி ஒன்னும் பேசலையே தம்பி"ன்னுட்டாங்க. வாடகை ஊட்டுல இருக்கற ஆளுக்கு அந்த ரெண்டு மாசம் என்னன்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

பசங்க பாதுகாப்பு விசயத்துல ஒரு அடி கூட விட்டுக் குடுக்காதீங்க. தூக்கி வெக்கற கோல்போஸ்ட்ட தரையோட கட்டாம, பின்னால மணல் மூட்டை வெக்காம ஒரு நாளும் பிராக்டிஸ் ஆரம்பிக்காதீங்க, பசங்க அதப் புடிச்சுத் தொங்குவாங்க, சாஞ்சா உசுருக்கே ஆபத்து. தலையில அடிபட்டு மயக்கமோ தலைசுத்தலோ இருந்தா அன்னிக்கு மறுபடியும் எறக்காதீங்க, அவங்கப்பாவே பரவால்லன்னு சொன்னாலும் எறக்காதீங்க. எந்தக் கொழந்தையோடயும் தனியா ரூமுலயோ வண்டிலயோ இருக்காதீங்க, எப்பவும் இன்னொரு பெரிய ஆளு கூட இருக்கோணும், கொழந்தைகள பாலியல் குத்தத்துல இருந்து காக்கற போக்சோ சட்டம் 2012ல இருந்தே இருக்கு, அதுல என்ன சொல்லியிருக்குன்னு ஒருக்கா படிச்சுருங்க. கொழந்தைக்கு போன்ல தனியா மெசேஜ் அனுப்பாதீங்க, அப்பா அம்மா இருக்கற குரூப்ல மட்டும் போடுங்க. இது உங்கள சந்தேகப்படறக்கு இல்ல, நம்பி அனுப்பற அந்தக் குடும்பத்துக்கு நாம குடுக்கற மரியாதை.

வெயிலு. கோயமுத்தூர்ல சமாளிச்சுக்கலாம், ஈரோடு, கரூர், சேலம் பக்கம் மார்ச்சுல இருந்து மே வரைக்கும் வெடியால ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஏழரைக்கு முடிச்சுருங்க, சாயந்திரம்னா அஞ்சரைக்கு மேல. கால் மணிக்கு ஒருக்கா தண்ணி. "தண்ணி குடிச்சா ஓட முடியாது"ன்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க, அது தப்பு.

அப்பறம் பெத்தவங்க. நம்ம ஊருல "பந்து ஒதைச்சு சோறு திங்க முடியுமா"ன்னு கேக்கறது புதுசில்ல, எங்கப்பாவும் கேட்டாரு. அவங்க மேல கோவப்படாதீங்க, தறி ஓட்டி, கம்பெனில ஓவர்டைம் பாத்து படிக்க வெக்கறவங்களுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். பையன் இந்தியாவுக்கு ஆடுவான்னு பொய் சொல்லி சேக்காதீங்க. "ஒடம்பு நல்லாருக்கும், சாயந்திரம் போன் பாக்காம இருப்பான், நல்லா வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு கேக்கலாம்"னு உள்ளத சொல்லுங்க. பத்தாவது பன்னெண்டாவது வந்துட்டா ஜனவரிக்கு அப்பறம் பாதி பேர நிறுத்திருவாங்க. அதுக்கு நான் பண்றது, டிசம்பர்லயே அம்மாக்கள உக்கார வெச்சுப் பேசி, வாரத்துக்கு ரெண்டே நாளு முக்கா மணி நேரம்னு கொறைச்சுருவேன். முழுசா நிறுத்தறதுக்கு இது பரவால்லன்னு ஒத்துக்கறாங்க, பரீட்சை முடிஞ்சதும் பசங்களும் திரும்பி வந்தர்றாங்க.

பொம்பளப் புள்ளைகளுக்கு பேட்ச் ஆரம்பிக்க ஆசைப்பட்டா கட்டாயம் ஆரம்பிங்க. மதுரை சேது எஃப்சி 2018-19ல இந்தியன் விமன்ஸ் லீக்க ஜெயிச்ச டீமு, இத சொன்னா ஊர்ல பெத்தவங்க நிமிந்து பாக்கறாங்க. ஆனா டாய்லெட், துணி மாத்த எடம், கூட ஒரு லேடி கோச்சு, இருட்டறக்கு முன்னாடி முடிக்கற டைமு, இந்த நாலும் சரி பண்ணிட்டு ஆரம்பிங்க.

அஞ்சாவது படி: கூட ஆடினவனுக்கே கோச் ஆகறது

மாவட்ட லீக் டீமுல நேத்து வரைக்கும் கூட ஆடிட்டு இன்னிக்கு விசிலோட நிக்கறது இருக்கே, அதுக்கு எந்தக் கோர்சும் கெடையாது. "டேய் மச்சா"ன்னு கூப்ட்டவன் திடீர்னு "சார்"னு கூப்புடணும்னு எதிர்பாக்காதீங்க, அண்ணன்னு கூப்ட்டா அதுவே போதும். மொதல் வாரமே உக்கார வெச்சு ரெண்டே ரெண்டு ரூல சொல்லுங்க, பிராக்டிஸ்க்கு வராதவன் மொதல் பதினொன்னுல கெடையாது, லேட்டா வந்தவனும் கெடையாது. அத மொதல்ல உங்க நெருங்கின சேக்காளி மேலயே அமல்படுத்த வேண்டி வரும், வந்தே தீரும். எனக்கு வந்துச்சு. நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டு ரெண்டு பிராக்டிஸ் வரல, என் கல்யாணத்துக்கு பந்தல் கட்ட நின்னவன் அவன். நான் மேட்ச்சுக்கு முந்தின நாளு ராத்திரி அவன் ஊட்டுக்கே போயி, டீ குடிச்சுட்டு, "நாளைக்கு நீ பெஞ்சுல இருக்கோணும், காரணம் உனக்கே தெரியும்"னு சொல்லிட்டு வந்தேன். ரெண்டு மாசம் பேசல. அப்பறம் பேசிட்டான். ஒருத்தன பெஞ்சுல உக்கார வெக்கறதா இருந்தா போர்டுல பேரு பாத்து அவன் தெரிஞ்சுக்கக் கூடாது, உங்க வாயால, தனியா, முன்னாடியே சொல்லிருங்க.

தோத்த மேட்ச் முடிஞ்ச ஒடனே பேசாதீங்க. பந்து, பிப் (டீமு பிரிக்க மேல போடற கலர் பனியன்) எல்லாத்தையும் எண்ணி எடுத்து வெச்சு, தண்ணி குடிக்க விட்டு, ஊட்டுக்கு அனுப்பிருங்க. அடுத்த பிராக்டிஸ்ல பேசிக்கலாம்.

கடைசியா ஒன்னு: பையன அனுப்பி வெக்கறது

நல்லா ஆடற பையன் ஒருத்தன் உங்ககிட்ட வந்துட்டா அவன உங்க டீமுலயே கட்டி வெக்கத் தோணும், அவன வெச்சு நாலு கப்பு அடிக்கலாம்னு தோணும். பன்னெண்டு பதிமூணு வயசுலயே அவன பெரிய எடத்துக்கு அனுப்பப் பாருங்க. எஸ்டிஏடி, அதாவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதிக்கு கோடை லீவ ஒட்டி செலக்ஷன் வைப்பாங்க, ஸ்கூல் மூலமா சுப்ரோடோ கப்னு ஸ்கூல் டீமுகளுக்கான போட்டி இருக்கு, மாவட்ட டீமுல இருந்து மாநில சப்-ஜூனியர் டீமுக்குப் போற வழி இருக்கு. அதுக்கு முன்னாடி காகிதமெல்லாம் தயாரா இருக்கோணும்: பொறந்த சர்டிபிகேட், ஆதார், ஸ்கூல் போனஃபைடு, ஏஐஎஃப்எஃப்போட ஆன்லைன் பதிவான சிஆர்எஸ்ல ரிஜிஸ்டர் பண்ணின ஐடி. எல்லாத்துலயும் பேரு, இனிஷியல், பொறந்த தேதி ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, நம்ம பக்கம் இனிஷியல்லதான் நெறைய பேரு மாட்டிக்கறாங்க, ஒரு எழுத்து மாறி இருந்ததுக்கு எங்கிட்ட கத்துக்கிட்ட பையன் ஒருத்தன் கேட்லயே நின்னுட்டு திரும்பி வந்தான். வயசக் கொறைச்சுக் காட்ட யாராவது யோசனை சொன்னா கேக்காதீங்க, எலும்பு டெஸ்ட்டுல தெரிஞ்சுரும், தடை அந்தப் பையனுக்குத்தான் விழும்.

செலக்ஷனுக்குப் போறப்ப நீங்களும் கூடப் போங்க. புது ஷூ போட்டு அனுப்பாதீங்க, பழகின ஷூவே போதும். வெடியால பஸ்ஸுக்கு ரெண்டு வாழப்பழமும், ஒரு டப்பால தயிர் சாதமும் எடுத்துக்கோங்க, அங்க மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் பேரு கூப்புட மாட்டாங்க.